கதவின் வில்

முதல் மோட்டார் செத்தபோது
மீன் கருகிய வாடை என்றான் ராவான்.
இல்லை, பொம்மை அடுப்பில் விழுந்த வாடை என்றாள் வலேரியா.
கரகண்டியில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் நிலவறையில்
நாங்கள் நான்கு பேர்,
அலுமினியத்தில் ஒரு கை.

அந்தக் கை தூக்கும், இறக்கும், சொன்ன பக்கம் திரும்பும்.
இரண்டு கிலோ வளையத்தை நீட்டியபடி
பதினைந்து நொடி அசையாமல் நில் என்றால் மட்டும்
மோட்டார் முனக ஆரம்பிக்கும்.
ஓடும்போது தொட்டால் இளஞ்சூடு.
நிறுத்திப் பிடித்தால் விரல் சுடும்.
போகிற மின்சாரம் எல்லாம்
போக இடமில்லாமல் செம்புக்கம்பிக்குள் கொதிக்கிறது.

பாடப்புத்தகம் சொல்கிறது:
விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி.
நகரவில்லை, ஆகவே வேலை சுழி.
இதை எழுதியவர் ஒருநாளும்
குளிர்சாதனப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
மூன்றாம் மாடிப் படியில் நின்றிருக்க மாட்டார்,
மேலே இருப்பவன் சாவி தேடும்வரை.
வேலை சுழியாகவே இருக்கட்டும்.
உழைப்புக்கு என்ன சூத்திரம்?

இரண்டாவது மோட்டாரைக் காப்பாற்ற
நான்தான் உள்ளங்கையைக் கொடுத்தேன்.
"ஒரு நிமிடம், நிரலை மாற்றிவிடுகிறேன்" என்றான் திமோஃபெய்.
திமோஃபெயின் ஒரு நிமிடம் பதினோரு நிமிடம்.
மூன்றாவதில் என் தோள் நடுங்கியது,
ஐந்தாவதில் முழங்கை தனியாக யோசிக்கத் தொடங்கியது.
பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா நின்றேன்.

அப்போதுதான் கவனித்தேன்:
கை செங்குத்தாக இருக்கும்போது பாரமே இல்லை.
முழுக்க நீட்டினால்தான் முழுக் கனம்.
எதையாவது எட்டித் தருகிற கணத்தில்தான்
எந்தக் கையும் கனக்கிறது போலும்.
இதைச் சொல்லவில்லை. சொன்னால் வலேரியா சிரிப்பாள்.

மோட்டாரின் இரு முனையையும் இணைத்துப் பார்த்தோம்:
கை தூங்கி விழுகிறவன் தலைபோல
மெல்ல மெல்லத் தாழ்ந்தது.
திருகுப் பல்சக்கரம் என்றான் ராவான்,
சுழற்றினால் சுழலும், பாரம் தள்ளினால் திரும்பாது.
நல்ல யோசனை.
அல்மாட்டியிலிருந்து வர மூன்று வாரம்.
போட்டி சனிக்கிழமை.

வியாழன் இரவு வலேரியா மாடிக்குப் போனாள்.
திரும்பியபோது அவள் கோட்டுக்குள்ளே
ஒரு முழ நீளத்தில் சுருள்வில்,
எங்கள் பாட்டன்மார் காலத்துக் கிரீஸுடன்.
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
தோளுக்குப் பின்னால் ஒரு கொக்கி, முழங்கைக்கு ஒரு கொக்கி,
இரண்டு துளை தப்பாகப் போட்டு மூன்றாவதில் மாட்டினோம்.

விட்ட இடத்தில் நின்றது கை.
ஒரு விரலால் உயர்த்தினேன், உயர்ந்த இடத்தில் நின்றது.
தாழ்த்தினேன், அங்கேயும்.
மோட்டாருக்கு இப்போது
சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டுமே,
தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி.
நான்கு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு மேலிருந்து ரிம்மா கார்லோவ்னாவின் குரல் இறங்கியது,
அதற்கு முன்பே குளிர் இறங்கியிருந்தது.
வாசல் கதவு மூடவில்லை!
கூடத்துப் பூந்தொட்டியில் பனி!
எந்தக் கழுதை என் கதவின் வில்லை எடுத்தது?

கனம் எங்கும் போய்விடவில்லை.
கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது முறைவைத்து நிற்கிறோம்.
கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருக்கிறேன்,
மறுபக்கம் புல்வெளிக் காற்று தோளால் இடிக்கிறது.
நகரவில்லை. வேலை சுழி.
கீழிருந்து ராவான் கத்துகிறான்:
"பூஜ்யம் புள்ளி நான்கு ஆம்பியர்! மோட்டார் பச்சைத் தண்ணீர் மாதிரி!"
எனக்கும் சந்தோஷம்தான்.
அடுத்த முறை திமோஃபெயுடையது.
ஒரு நிமிடத்தில் வருகிறேன் என்றிருக்கிறான்.